கோபித்துக்கொண்ட சாவிகள்

அந்தக் கம்பெனியில் வண்டிகள் கோபித்துக்கொள்ளும். ரிப்பேர் என்ற சொல்லை அங்கே யாரும் அதிகம் புழங்குவதில்லை. காலையில் டிரைவர்கள் தூக்கக் கலக்கத்தோடு ஆபீஸ் வராந்தாவுக்கு வந்து, "இன்னைக்கு யாரு கோவிச்சிருக்கா?" என்றுதான் கேட்பார்கள். கேட்டுக்கொண்டே சுவரில் அறைந்திருக்கும் பலகையைப் பார்ப்பார்கள். பலகை முழுக்க ஆணிகள். ஒவ்வோர் ஆணியிலும் ஒரு சாவி, சாவியோடு சேர்த்துக் கோத்த ஒரு தகர வில்லை. வில்லையின் ஒரு பக்கத்தில் வண்டியின் நம்பர் எழுதியிருக்கும், மறுபக்கம் வெறும் தகரம். நம்பர் தெரிந்தால் வண்டி ஓடும். வில்லை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு முதுகைக் காட்டினால் அதில் கோளாறு இருக்கிறது, தொடக்கூடாது என்று அர்த்தம். கோளாறு கண்ட எந்த டிரைவரும் திருப்பிவிடலாம். நேராக்குகிற உரிமை மட்டும் ஒரே ஒரு கைக்குத்தான். அது மேனேஜரம்மாவின் கை.

மேனேஜரம்மா என்றால் கண்ணாடி அறையில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர் என்று நினைத்துவிட வேண்டாம். ஆலைகளுக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றி இறக்குகிற வேன் கம்பெனி அது. எந்த டயரில் கம்பி தெரிகிறது, எந்த வைப்பர் கண்ணாடியைத் துடைக்காமல் கீறுகிறது, எந்த டிரைவர் வீட்டுச் சண்டையை ஸ்டியரிங் வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான், எல்லாம் அவர் தலையில்தான். மழைக்காலமானால் கேட்கவே வேண்டாம். ஷெட் முழுக்கச் சேறு, சேறு முழுக்க ஆயில். ஒரு வண்டியின் கோபம் தீர்ந்தது என்று மெக்கானிக் வந்து சொன்னாலும் அவர் நம்பமாட்டார். தானே ஏறி உட்கார்ந்து, பிரேக்கை மிதித்து, ஷெட்டுக்குள் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து வில்லையைத் திருப்புவார். அதற்குச் சமாதானம் பண்ணுவது என்று பெயர். அம்மா சமாதானம் பண்ணிய வண்டியை எந்த டிரைவரும் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பான். பின்னால் ஆளைக் கவிழ்த்ததும் அந்த நம்பிக்கைதான்.

முதலாளி உடம்பு முடியாமல் வீட்டோடு இருந்துவிட, அவருடைய மருமகன் கம்பெனியைப் பார்த்துக்கொள்ள வந்தார். எதிரில் சார், முதுகுக்குப் பின்னால் மாப்பிள்ளை. ஆள் கெட்டவர் என்று யாரும் சொல்லவில்லை. சுத்தமானவர். அவ்வளவு சுத்தம் வண்டித் தொழிலுக்கு ஆகாது. வந்த வாரமே ஷெட்டுக்குள் வரும்போது செருப்பைக் கழுவ ஒரு வாளித் தண்ணீர் வைக்கச் சொன்னார். சேற்றில் புரள்கிற வண்டிகளுக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்தார். பலகைப் பக்கம் போகும்போதெல்லாம் முகத்தைச் சுளித்துக்கொண்டே போவார்.

மேனேஜரம்மாவின் தம்பியும் அங்கேதான் டிரைவர். அக்காதான் சேர்த்துவிட்டார். அக்காவும் தம்பியும் தம்பி மனைவியும் ஒரே வீட்டில் இருந்தார்கள், ஒரே உலையில் சாப்பிட்டார்கள். அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. சாப்பிடும்போது வண்டிப் பேச்சு பேசக்கூடாது. சட்டம் போட்டது தம்பி மனைவி. கல்யாணமான புதிதில் தினமும் சோற்றுத் தட்டுக்கு முன்னால் கிளட்சும் டீசலுமாக இரண்டு பேரும் பேசிக்கொண்டிருக்க, அவள் வாய் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒருநாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "எனக்கும் வாய் இருக்கு அண்ணி. ஷெட்டைக் கொண்டுவந்து என் அடுப்படியில நிறுத்தாதீங்க" என்றாள். நியாயம்தானே. அன்றோடு அந்தப் பேச்சு நின்றது.

மாப்பிள்ளை வந்த பிறகு ஒருநாள் சாயங்காலம் ஏழாம் நம்பர் வேனை ஓட்டி வந்து நிறுத்தினவர் ஹாரன். காக்கை குறுக்கே பறந்தாலும் ஹாரன் அடிப்பவர் என்பதால் அந்தப் பெயர். கீழே இறங்கியதும் நேராகப் பலகைக்குப் போய் வில்லையைத் திருப்பிவிட்டு மேனேஜரம்மாவிடம் வந்து, ஏழு கோபித்துக்கொண்டது, பிரேக் பெடல் பஞ்சில் மிதித்த மாதிரி உள்ளே போகிறது என்றார். மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே பிரேக்கை அழுத்துகிற வீல் சிலிண்டர் கசிந்து ஆயில் வழிந்துகொண்டிருந்தது. புது சிலிண்டர் கையிருப்பில் இல்லை. வேறொரு வண்டி அந்த இடத்துக்குக் காத்திருந்ததால் சக்கரத்தைத் திரும்ப மாட்டி, நகர்த்துவதற்காகக் கொஞ்சம் பிரேக் ஆயில் ஊற்றி, ஏழாம் நம்பரை ஓரமாக நிறுத்தினார்கள். மறுநாள் காலையில் உதிரிபாகக் கடைக்குப் போய் சிலிண்டரை வாங்கிக்கொண்டே வருவதாகச் சொல்லிவிட்டு மேனேஜரம்மா வீட்டுக்குக் கிளம்பினார். ஏழாம் ஆணியில் வில்லை முதுகைக் காட்டிக்கொண்டு தொங்குவதைப் போகிற போக்கில் பார்த்துவிட்டுத்தான் போனார்.

வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஓட்டிலிருந்து எங்கெங்கே ஒழுகுகிறது என்று பேசினார்கள். தம்பி மனைவி பக்கத்து வீட்டுக்காரியைப் போலப் பேசிக் காட்டினாள், தம்பிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. ஏழாம் நம்பரைப் பற்றி அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. சாவி திரும்பியிருக்கிறது, அதற்கு மேல் வாயால் வேறு சொல்ல வேண்டுமா?

மறுநாள் மழை கொட்டியது. கடைக்காரர் ஷட்டரைத் தூக்கும்வரை மேனேஜரம்மா குடையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். சிலிண்டரை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கும்போது போன் வந்தது. ஏழு பாலத்து இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போய் மோதிவிட்டது, ஓட்டினது உங்கள் தம்பி என்றார்கள். திரும்பியிருந்த சாவியை அவன் ஏன் எடுத்தான் என்று கேட்டுக்கொண்டே அவர் மழையில் ஓடினார்.

தம்பியின் வழக்கமான வேன் கூரை ஒழுகுகிறதென்று வெளிப் பட்டறைக்குப் போயிருந்தது. காலையில் வந்தவன் பலகையைப் பார்த்தான். ஏழின் நம்பர் பளிச்சென்று தெரிந்தது. எடுத்துவிட்டான். விஷயம் தெரிந்த ஹாரன் அதற்கு முன்பே முதல் டிரிப் போயிருந்தார், மெக்கானிக் இன்னும் வரவில்லை. வழக்கம்போல மிதித்துப் பார்த்தபோது, ஊற்றி வைத்திருந்த ஆயிலில் பெடல் நின்றிருக்கிறது. இறக்கத்தில் மிதிக்க மிதிக்க உள்ளே போயிற்று. வண்டி நிறையத் துணி ஆலைப் பெண்கள். கீழே நாற்சந்தி, லாரிகள். அவன் ஒரு கிடங்கின் மதிலோரம் கொட்டிக் கிடந்த மணல் குவியலைப் பார்த்து, தன் பக்கம் முதலில் மோதுகிற மாதிரி வண்டியை ஒடித்தான். பெண்கள் சிராய்ப்போடும், ஒருத்தி பிசகிய மணிக்கட்டோடும் இறங்கினார்கள். அவனை மட்டும் கதவை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. வலது கால் எலும்பு நொறுங்கிப் போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துத் தைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். காலை நீட்டிக் கட்டிலில் கிடந்தவன், அக்கா அறைக்குள் வந்தால் முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டான். அக்கா ரொட்டியைப் பாலில் நனைத்துக் கொண்டுவந்தால் பசிக்கவில்லை என்றான். அதையே அவன் மனைவி கொண்டுபோனால் சாப்பிட்டான். இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு மத்தியானம் மேனேஜரம்மாவுக்குப் பொறுக்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்னைப் பார்த்துப் பேசு. நான் என்னடா பண்ணினேன்?"

"நம்பர் தெரிஞ்சுது அக்கா" என்றான் அவன், சுவரைப் பார்த்தபடியே. "தெரிஞ்சதாலதான் எடுத்தேன். முந்தின நாள் அது கோவிச்சுக்கிச்சுன்னு ஹாரன் ஆஸ்பத்திரிக்கு வந்து சொல்லித்தான் எனக்கே தெரியும்."

"நான் அதைத் திருப்பல."

"நீ திருப்பாம அது எப்படித் திரும்பும்? நம்ம ஷெட்டுல வேற எவன் தொடுவான்? அன்னைக்கு ஆலைக்காரங்க வண்டியெல்லாம் பார்க்க வர்றதா இருந்துச்சு. எந்த வண்டியும் நிக்கக்கூடாதுன்னு மாப்பிள்ளை சொல்லியிருப்பாரு, நீயும் சரின்னு திருப்பியிருப்பே. வேலைன்னா அப்படித்தான். ஒத்துக்கிட்டா நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

கதவோரம் நின்ற தம்பி மனைவி மெதுவாகக் கேட்டாள். "தெரிஞ்சே விட்டீங்களா அண்ணி? அதை மட்டும் சொல்லிடுங்க."

மேனேஜரம்மா ஸ்டூலிலிருந்து எழுந்தார். இல்லை என்று ஒரு வார்த்தைதான். ஆனால் அதை அந்த வீட்டில் சொல்லி நிரூபிக்க வேண்டிய நிலை வந்துவிட்டதே. பையை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய்விட்டார். பைக்குள் அந்த சிலிண்டர் அட்டைப்பெட்டி பிரிக்காமல் அப்படியே கிடந்தது.

பலகைக்கு எதிரில் போய் நின்றபோதுதான் அதை நிதானமாகப் பார்த்தார். பச்சைப் பெயின்ட் புதிதாக மின்னியது. விபத்துக்கு முந்தின நாள் அவர் வீட்டுக்குப் போகும்போது அழுக்குப் பலகையாகத்தான் இருந்தது. ஆஸ்பத்திரிக்கும் போலீஸுக்கும் அலைந்ததில் இது கண்ணில் பட்டும் மனதில் படவில்லை. வராந்தாவைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மாவைக் கூப்பிட்டு எப்போது அடித்தார்கள் என்று கேட்டார். அந்த அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு முதலில் மாப்பிள்ளையின் அறைக் கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்தாள்.

"அன்னைக்கு நீங்க போனதும் அடிச்சாங்கம்மா. சாவியெல்லாம் கழட்டி என் வாளியில போட்டு வச்சாங்க. காஞ்சதும் மாப்பிள்ளையே நின்னு ஒண்ணொண்ணா மாட்டினாரு, நம்பர் எல்லாம் முன்னால தெரியற மாதிரி, வரிசையா. இதுல ஒண்ணு திரும்பியிருந்துச்சுங்களேன்னு சொன்னேன். நீ கூட்டற வேலையைப் பாருன்னுட்டாரு." துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, "என்னைக் கூப்பிட்டுக் கேட்டா நான் இதைச் சொல்லமாட்டேம்மா. இருக்கறது இந்த ஒரு வேலை" என்றாள்.

மேனேஜரம்மா அவளைக் கோபிக்கவில்லை. நேராக மாப்பிள்ளையின் அறைக்குள் போனார். போன வேகத்துக்கு அந்த மனிதர் மறுப்பார், தடுமாறுவார் என்று எதிர்பார்த்திருப்பார். மாப்பிள்ளை மறுக்கவே இல்லை. மறுத்திருந்தால்கூடக் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும்.

"ஆமா, நான்தான் மாட்டினேன். அதுக்கென்ன இப்ப? பாதி முன்னாடி, பாதி பின்னாடி, மீன் காயப்போட்ட மாதிரி தொங்குது. நாலு பேர் வந்து பார்க்கற இடம். திரும்பியிருந்தா ரிப்பேர்னு எங்கேயாவது எழுதி வச்சிருக்கீங்களா? எனக்கு யாராவது சொன்னீங்களா?"

"கூட்டற அம்மா சொன்னாங்களே சார்."

"கூட்டறவங்க சொல்றதைக் கேட்டா கம்பெனி நடத்த முடியுமா?" நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "பாருங்கம்மா, நாளைக்கு இன்சூரன்ஸ்காரர் வர்றார். அவர்கிட்ட சொல்றதுக்கு ரெண்டே வழிதான். வண்டி நல்லாருந்துச்சு, டிரைவர் கவனமா ஓட்டலைங்கறது ஒண்ணு. வண்டி சரியில்ல, மேனேஜர் அனுப்பிட்டாங்கங்கறது இன்னொண்ணு. அக்கா தம்பி ரெண்டு பேரும் பேசி எதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க."

"மூணாவதா ஒண்ணு இருக்கே சார்."

"அது கிடையாது" என்று சொல்லிவிட்டு அவர் மேஜை மேலிருந்த பேனாக்களை வரிசையாக அடுக்க ஆரம்பித்தார்.

எவ்வளவு தைரியம் பாருங்கள். கவனமில்லாமல் ஓட்டினான் என்று முடிவானால் தம்பியின் லைசென்ஸ் போய்விடும். நாளைக்குக் கால் ஊன்றி எழுந்தாலும் ஸ்டியரிங்கைத் தொட முடியாது, அவனுக்கு வேறு தொழிலும் தெரியாது. அத்தனை பெண்களைக் காப்பாற்ற எலும்பைக் கொடுத்தவன் குற்றவாளி. அதைத் தடுக்க வேண்டுமானால் சிலிண்டருக்காக மழையில் காத்து நின்றவர் குற்றவாளி. சாவியைத் திருப்பி மாட்டியவர் மட்டும் பேனா அடுக்குவார்.

மறுநாள் காலை ஷிப்ட் வேன்கள் எல்லாம் போய்த் திரும்பி, சாவிகள் பலகைக்கு வந்துவிட்டன. டிரைவர்கள் ஷெட்டின் அந்தக் கோடியில் தகரக் கூரைக்குக் கீழே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். இன்சூரன்ஸ்காரர் மழைக் கோட்டிலிருந்து தண்ணீர் சொட்ட வந்து மாப்பிள்ளையின் அறையில் உட்கார்ந்தார். நிதானமான மனிதர், எல்லாவற்றையும் இரண்டு முறை கேட்பவர். திறந்திருந்த கதவு வழியாக அவருக்கு நேர் எதிரில் பலகை தெரிந்தது.

மேனேஜரம்மா ஒன்றையும் மறைக்கவில்லை. ஹாரன் சொன்னது, மெக்கானிக் பார்த்தது, சாவி திரும்பியிருந்தது, பலகைக்குப் பெயின்ட் அடித்தபின் அது நேராகியிருந்தது, எல்லாவற்றையும் சொன்னார். ஒரே வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டும் தம்பியிடம் சொல்லாமல் விட்டதையும் சொன்னார். பையிலிருந்து சிலிண்டர் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார். தான் இதை வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான் அங்கே வண்டி இறக்கத்தில் போய்க்கொண்டிருந்தது என்றார்.

மாப்பிள்ளை பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார். இவர் அந்த டிரைவரின் கூடப்பிறந்த அக்கா, தம்பிக்காக எதையும் சொல்வார், சாவி திரும்பினால் வண்டி ஓடாது என்கிற மாதிரி ஒரு விதி இந்தக் கம்பெனியில் என்றைக்கும் இருந்ததில்லை, சாவி என்றால் காற்றடித்தால்கூடத் திரும்பும் என்றார். இன்சூரன்ஸ்காரர் மேனேஜரம்மாவைப் பார்த்தார்.

"அப்படி ஒரு வழக்கம் உண்டாம்மா?"

"நான் சொன்னா அக்கா சொல்றான்னு ஆயிடும் சார். நான் சொல்லல."

எழுந்து வராந்தாவுக்குப் போனார். முதல் ஆணியிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு வில்லையாகச் சுவர்ப் பக்கம் திருப்பினார். அவசரமே இல்லை. தகரம் பலகையில் தட்டுகிற சத்தம் அறைக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசி ஆணியில் மாப்பிள்ளையின் கார் சாவி. அதையும் திருப்பினார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"டிரைவருங்க யாருக்கும் இங்க பேசினது கேட்டிருக்காது. யாரையாவது கூப்பிட்டு ஒரு வண்டியை எடுக்கச் சொல்லுங்க சார்."

மாப்பிள்ளைக்கு அது விளையாட்டாகப் பட்டது. வெளியே வந்து கையைத் தட்டி ஹாரனைக் கூப்பிட்டு, சாரை விபத்து நடந்த இடத்துக்குக் கூட்டிப் போகணும், ஏதாவது ஒரு வண்டியை எடு என்றார். ஹாரன் தேநீர் டம்ளரை வைத்துவிட்டு வந்தார். பலகைக்கு முன்னால் போனார். முதல் ஆணியிலிருந்து கடைசி ஆணிவரை பார்த்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு திரும்பி வந்தார்.

"வண்டி இல்ல சார்."

"இத்தனை வண்டி நிக்குதே, கண்ணு தெரியலையா?"

"நிக்குது. எல்லாம் கோவிச்சிருக்கு. என்னன்னு புரியல, காலையில நல்லாத்தான் ஓடுச்சு. அம்மாவைத்தான் கேக்கணும்."

மாப்பிள்ளை இன்னொருவனைக் கூப்பிட்டார். அவனும் பலகைவரை போய் அப்படியே திரும்பினான். அப்புறம் தன் சொந்தக் கார் டிரைவரையே கூப்பிட்டார், அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. அவன் முதலாளி காலத்து ஆள், வீட்டுச் சாப்பாடு சாப்பிடுகிறவன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, நம்ம காருக்கு என்னாச்சு, நேத்துக்கூட நல்லாத்தான் போச்சு என்று மேனேஜரம்மாவைப் பார்த்தானே தவிர, சாவியைத் தொடவில்லை.

மாப்பிள்ளையின் காது மடல் சிவந்தது. விடுவிடுவென்று பலகைக்குப் போய்க் கைக்கு வந்த ஒரு வில்லையைப் பிடித்துத் திருப்பினார். நம்பர் வெளியே தெரிந்தது. சாவியைக் கழற்றி ஹாரனிடம் நீட்டினார்.

"இந்தா. திருப்பியாச்சு. சரியாப்போச்சுல்ல? எடு."

ஹாரன் கையை நீட்டவில்லை. "நீங்க திருப்பினா ஆச்சா சார்? அம்மா திருப்பணும்."

இன்சூரன்ஸ்காரர் எழுந்து வந்து கதவருகில் நின்றிருந்தார். மாப்பிள்ளையின் கையிலிருந்த சாவியையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பெயின்ட் அடிச்ச அன்னைக்கும் நீங்கதான் இப்படித் திருப்பினீங்களா சார்?"

மாப்பிள்ளை கையிலிருந்த சாவியை அவசரமாக ஆணியில் மாட்டினார். அப்போது வராந்தாக் கோடியில் துடைப்பத்தோடு நின்ற அம்மா, யாரும் கேட்காமலே, "அவருதாங்க. நான் பார்த்தேன்" என்றாள்.

இன்சூரன்ஸ்காரர் பார்த்ததையும் கேட்டதையும் அப்படியே எழுதப்போவதாகச் சொல்லிவிட்டு, மழைக் கோட்டை மாட்டிக்கொண்டு நடந்தே போனார். மாப்பிள்ளை மேனேஜரம்மாவிடம் நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். சரி சார், அப்ப காலையில சாவியை யார் திருப்புவாங்க என்று அவர் கேட்டதும் மாப்பிள்ளை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தன் கோபத்துக்காக ஆலைப் பெண்களைச் சாயங்கால மழையில் நிற்கவைக்க முடியாதே. மேனேஜரம்மா மத்தியானம் முழுக்க ஒவ்வொரு வேனாக ஏறி, பிரேக்கை மிதித்து, சுற்றி வந்து, வில்லைகளைத் திருப்பினார். யாரும் அவருக்கு உதவிக்குப் போகவில்லை. போகக்கூடாது என்று அவர்களுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து சேரும்போது உடம்பில் உலர்ந்த இடமே இல்லை. உள்ளே வழக்கத்துக்கு மாறாகக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே மூன்று தட்டுகள் இருந்தன. தம்பி தலையணையில் சாய்ந்து கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவனுடைய போன் கிடந்தது. ஹாரன் பேசிவிட்டார் என்று பார்த்ததுமே தெரிந்தது.

அவன் ஒரு தட்டை அக்கா பக்கம் நகர்த்தினான். "தலையைத் துவட்டு அக்கா, சளி பிடிச்சுக்கும்" என்றான்.

தம்பி மனைவி துண்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்தவள் போகாமல் அங்கேயே நின்றாள். கண்கள் கலங்கியிருந்தன. "அன்னைக்கு ராத்திரி வண்டிப் பேச்சு பேசியிருந்தீங்கன்னா இவருக்கு இப்படி ஆகியிருக்காது. நான்தானே உங்க வாயைக் கட்டினேன்."

"நீ கட்டல. நீ ஏன் அதை எடுத்துத் தலையில போட்டுக்கறே? அதுக்கு உரியவர் ஒருத்தர் இருக்காரு" என்றார் மேனேஜரம்மா. அந்த நாள் முழுக்க அடக்கி வைத்திருந்த கோபம் அப்போதுதான் குரலில் முழுசாக வந்தது.

தம்பி மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டுகளில் சோற்றைப் போட்டாள். தரையில் உட்கார்ந்து, தன் தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். "இனிமே சாப்பிடும்போதும் வண்டிப் பேச்சு பேசுங்க அண்ணி. முதல்லேர்ந்து சொல்லுங்க, ஒண்ணுவிடாம."

மேனேஜரம்மா சொன்னார். தம்பி நடுநடுவே நிறுத்தி, யார் எங்கே நின்றார்கள் என்றெல்லாம் கேட்டான். கடைசியில், எல்லாச் சாவியையும் சமாதானம் பண்ணிவிட்டுத்தானே வந்தாய் என்றான்.

"ஒண்ணைத் தவிர."

"எது?"

"கடைசி ஆணி. கார்."

அவன் சிரித்தான். சிரித்ததில் கால் வலித்து முகம் கோணியது, அப்படியும் நிறுத்தவில்லை. "அப்ப மாப்பிள்ளை எப்படி வீட்டுக்குப் போனாரு?"

"தெரியாது. நான் கிளம்பும்போது ஷெட் வாசல்ல நின்னுக்கிட்டிருந்தாரு, அந்தச் சுத்தமான செருப்போட. நல்ல மழை" என்றார் மேனேஜரம்மா, அடுத்த வாய்ச் சோற்றைப் பிசைந்துகொண்டே.